பச்சைக் கோபுரத்திலிருந்து ரோஸ் மாளிகை வரைக்கும்

இல்ல தாயி, அவுகளுக்கு இல்ல. எனக்குத்தான் பார்க்க வந்திருக்கோம். டோக்கன் என் பேர்ல இருக்கு பாருங்க. கோமதி, பதினாலு. அவுக துணைக்கு வந்திருக்காக. அந்தா, ஜன்னல் ஓரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, என் பைலை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காகளே, அவுகதான். எங்க வீட்டுக்காரக. சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவுக. ஆமா, கோவில்பட்டி. காலையில அஞ்சு மணி மதுரை பஸ்ஸுல ஏறினோம்.

நீங்க மாமியாரைக் கூட்டிட்டு வந்தீங்களா? பாவம், உட்கார்ந்தபடியே தூங்குறாங்க. மூணாவது தடவையா வர்றீங்களா? அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உள்ள டாக்டர் என்னென்ன கேப்பாரு? கிழமை கேப்பாராமே. கடிகாரம் வரையச் சொல்வாராமே. மூணு சாமான் பேரைச் சொல்லிட்டு, கொஞ்சம் கழிச்சு அதையே திருப்பிச் சொல்லச் சொல்வாராமே. பஸ்ஸுல ஒரு அம்மா சொன்னாங்க. போன தடவை உங்க மாமியார்கிட்ட என்ன சாமான் கேட்டாரு? பூட்டு, வாழைப்பழம், குடையா? சரி, சரி.

எதுக்குக் கேக்குறேன்னா... சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். இங்கிருந்து பேசினா அவுகளுக்குக் கேக்காது.

நான் தொலைஞ்சு போயிட்டேன் தாயி. அதுக்குத்தான் வைத்தியம். நம்ம ஊருல தொலையல. அர்ஜென்டினாவுல. சிரிக்காதீங்க, நெசமாத்தான். எங்க பையன் கதிரேசன் அங்கதான் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். பியூனஸ் அயர்ஸ்னு ஊரு. இந்தப் பேரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அமெரிக்கா போறேன், லண்டன் போறேன்னு சொன்னா நாலு பேருக்குத் தெரியும். இவன் போயிருக்கான் பாருங்க, பூமிக்கு அடியில. நமக்கு ஐப்பசி அடைமழை, அங்க வசந்த காலமாம். மரமெல்லாம் இலையே இல்லாம ஒரே ஊதாப் பூவா நிக்குது. நடைபாதை முழுக்க ஊதாவா உதிர்ந்து கிடக்கும். பெருக்குறதுக்கு ஆளு கிடையாதான்னு கேட்டேன். மருமக பிருந்தா சிரிச்சா. நான் எது சொன்னாலும் அவ சிரிப்பா. நல்ல பிள்ளைதான், குத்தம் சொல்லல. சாம்பார்ல மட்டும் சீனி போடுவா.

ரெண்டு மாசம் இருந்தோம். பையனும் மருமகளும் காலையில வேலைக்குப் போயிருவாங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள என்ன பண்றது? டிவியைப் போட்டா கசமுசன்னு ஒரு பாஷை. அவுகளுக்கு ஒரு இடத்துல உட்கார்ந்தா கால் ஊரும். முப்பத்தஞ்சு வருஷம் வெயில்ல சங்கிலியும் கையுமா காடு மேடெல்லாம் அளந்த கால் அது. கதிரேசன் பார்த்தான். "அப்பா, நம்ம வீட்டு வாசல்ல இறங்கினா பச்சைக் கோபுரம். அது பார்லிமென்ட். அங்க இருந்து நூல் பிடிச்ச மாதிரி ஒரே ரோடு. திரும்பவே வேண்டாம். அந்தக் கடைசியில ரோஸ் கலர்ல ஒரு மாளிகை, அதுதான் ஜனாதிபதி ஆபீஸ். அதுவரை போங்க, அப்படியே திரும்பி வாங்க. இந்த முனையில நின்னாலே அந்த முனை தெரியும். யாரும் தொலையவே முடியாது"ன்னு சொல்லிக் குடுத்தான்.

யாரும் தொலையவே முடியாதுன்னான் தாயி. அதுலதான் நான் தொலைஞ்சேன்.

முதல் ஒரு மாசம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? மதியம் சாப்பிட்டதும் கிளம்பிருவோம். அவுக முன்னாடி, நான் ஒரு பத்தடி பின்னாடி. கல்யாணம் ஆகி நாப்பத்தி மூணு வருஷமா அப்படித்தான். கூடச் சேர்ந்து நடக்குற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவுக காலடியை எண்ணிக்கிட்டு நடப்பாக. சர்வே ஆபீஸ்ல வந்த பழக்கம். சங்கிலி இல்லாத நேரத்துல காலடியை எண்ணியே ஒரு தோட்டத்துக்கு நீள அகலம் சொல்லிருவாக. அப்புறம் சங்கிலி போட்டுப் பார்த்தா ஒரு சாண் வித்தியாசம் வராது. வாய் மட்டும் முணுமுணுன்னு அசையும். அந்த நேரத்துல நான் பேசக் கூடாது. கல்யாணமான புதுசுல ஒரு நாள், சந்தைக்குப் போற வழியில, "ஏங்க, செருப்பு அறுந்து போச்சு"ன்னு கூப்பிட்டேன். "எண்ணிக்கையைக் கெடுத்துட்டியே பாவி"ன்னு நடுத்தெருவுல ஒரு சத்தம் போட்டாக. அன்னைக்கு அடக்கின வாய்தான். வெறுங்காலோட பின்னாடியே நடந்து போனேன். இப்பச் சொன்னா உங்களுக்கு வேடிக்கையா இருக்கும்.

வழியில ஒவ்வொண்ணையும் எங்களுக்கு அடையாளம் வச்சுக்கிட்டோம். பச்சைக் கோபுரம். அப்புறம் உச்சியில விளக்கு வச்ச ஒரு பெரிய கட்டடம். அப்புறம் பேப்பரு விக்கிற பெட்டிக்கடை. அப்புறம் அந்த அகல ரோடு. அதைப் பத்தித் தனியாச் சொல்லணும். அந்த ரோட்டு நடுவுல நின்னு இடது பக்கம் பார்த்தா, தூரத்துல வானத்துக்கும் பூமிக்குமா ஒரு ஊசிக்கல்லு நிக்கும். வெள்ளை வெளேர்னு. ஊரே அதைத்தான் போட்டோ பிடிக்கும். அவுக முதல் தடவை பார்த்துட்டு, "எம்மாம்பெரிய சர்வே கல்லு நட்டிருக்கான் பாரு கோமதி, இதை எந்தப் பங்காளியும் நகத்த முடியாது"ன்னாக. அன்னைக்கு நான் சிரிச்ச சிரிப்பு! அவுக தமாஷ் பேசுறது வருஷத்துக்கு ஒரு தடவை.

அந்த ரோடு இருக்கே தாயி, அது ரோடு இல்ல, கம்மாய். நம்ம பைபாஸை நாலஞ்சு சேர்த்துப் போட்டா எவ்வளவு அகலம், அவ்வளவு. நடுவுல பஸ்ஸு போறதுக்கே தனி ரோடு. ஒரு பச்சை விளக்குக்குள்ள என்னை மாதிரி முட்டி வலிக்காரி தாண்டிர முடியாது. நடுவுல திட்டுத் திட்டாக் கட்டி விட்டிருக்கான். பாதியில மாட்டிக்கிட்டா திட்டுல நின்னு அடுத்த விளக்குக்குக் காத்திருக்கணும். முதல் மாசம் அவுக அந்தக் கரைக்குப் போயி நிப்பாக. திரும்பிப் பார்க்க மாட்டாக, அது அவுகளுக்கு வழக்கமில்ல. முதுகைக் காட்டிக்கிட்டுச் சும்மா நிப்பாக. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நடப்பாக. எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் எத்தனை காலடின்னு டைரியில எழுதுவாக. இன்னைக்கு ரெண்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. இன்னைக்கு ரெண்டாயிரத்து நானூத்தி ஒன்பது. கதிரேசனுக்குப் பெருமைன்னா பெருமை. அப்புறம் ஒரு நாள் மூவாயிரத்து நூறுன்னு எழுதினாக. மறுநாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். நான் பார்த்தேன். அந்த ஊரு ரோட்டை நம்பவா முடியும்? எங்க பார்த்தாலும் தோண்டிப் போட்டுச் சுத்தி விடுறான். எண்ணிக்கை மாறத்தானே செய்யும்? அதையெல்லாம் ஒரு பேச்சா எடுக்க முடியுமா?

என்ன தாயி அப்படிப் பார்க்கிறீங்க?

அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. சட்டைப் பித்தானை மாத்திப் போடுறது எல்லா ஆம்பளைகளும் பண்றதுதான். கதிரேசனைக் கதிரேசன்னு கூப்பிடாம செத்துப் போன தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக ரெண்டு தடவை. ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, அதுதான். குளிச்சுட்டு வந்து மறுபடியும் குளிக்கப் போவாக. அங்க வெயில் ஏறிருச்சு, குளிச்சா என்ன?

அந்த ஊசிக்கல்லை விட்டா, ரோஸ் மாளிகை முன்னால ஒரு திடல். திடலுக்கு நடுவுல இன்னொரு சின்ன வெள்ளைக் கல்லு. வியாழக்கிழமையானா மூணரை மணிக்கு அந்தக் கல்லைச் சுத்தி வயசான அம்மாமாருங்க வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு நடப்பாங்க. நான் ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன். பிருந்தாதான் சொன்னா. அந்த நாட்டுல ஒரு காலத்துல பட்டாளத்துக்காரங்க ஆட்சி நடந்துச்சாம். அப்ப பிடிச்சுட்டுப் போன பிள்ளைங்க திரும்பி வரவே இல்லையாம். எங்கடா எங்க பிள்ளைன்னு கேட்டு, அந்தத் தாயார்களெல்லாம் வாரா வாரம் சுத்தி நடக்குறாங்க, நாப்பது வருஷத்துக்கு மேல. சில பேரைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டு வர்றாங்க. ஒரு ஆளைத் தேடி எத்தனை வருஷம் நடக்க முடியும்?

சரி, அன்னைக்கும் வியாழக்கிழமைதான். ஒன்றரை மணிக்கு எறங்கினோம். இருந்த ஒரு போனையும் அவுக சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்டாக. என் பர்ஸுல வீட்டு விலாசம் எழுதின சீட்டு இருந்துச்சு. பச்சைக் கோபுரம் தாண்டி, விளக்குக் கட்டடம் தாண்டி, அகல ரோட்டுக்கு வந்தோம். விளக்கு பச்சையா இருந்துச்சு. அவுக இறங்கிட்டாக. நானும் இறங்கினேன். பாதியில விளக்கு மின்ன ஆரம்பிச்சிருச்சு. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. ஒரு திட்டுல ஏறி நின்னுட்டேன். அவுக அந்தக் கரை ஏறிட்டாக. நிப்பாகன்னு பார்த்தேன்.

நிக்கல தாயி. போய்க்கிட்டே இருக்காக.

இந்தப் பக்கம் காரு, அந்தப் பக்கம் பஸ்ஸு. நடுவுல நான். அவுக முதுகு சின்னதாகிட்டே போகுது. "ஏங்க"ன்னு கூப்பிட்டேன். எண்ணிக்கை கெட்டுப் போகுமேன்னு முதல்ல மெதுவாத்தான் கூப்பிட்டேன். அப்புறம் "ஏங்க! ஏங்க!"ன்னு கத்தினேன். அந்த ரோட்டுல யாருக்குக் கேக்கும்? கேட்டாலும், ஏங்கன்னா யாரு திரும்புவா? பக்கத்துல ஒருத்தன் பத்து நாயைக் கயித்துல கட்டிக்கிட்டு நின்னான். அந்த ஊருல நாயை நடத்திக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஆளு இருக்கு. அந்த நாயி பத்தும் திரும்பி என்னைப் பார்த்துச்சு. அவுக பார்க்கல.

பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. பிருந்தாவும் அதையேதான் கேட்டா. எப்படிச் சொல்லுவேன்? நாப்பத்தி மூணு வருஷத்துல என் வாயால ஒரு நாள் சொன்னதில்ல. ரேஷன் கடையிலயோ பேங்குலயோ கேட்டா, அட்டையை நீட்டிப் பக்கத்துல நிக்கிறவங்களைப் படிக்கச் சொல்லிருவேன். எங்க அம்மா அப்படித்தான் வளர்த்தா. பேரைச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு குறையும்னு சொல்லிச் சொல்லி, இப்ப நினைச்சாலும் நாக்கு ஒட்டிக்கிடுது. நடுத்திட்டுல நின்னுக்கிட்டு அந்தப் பேரை மனசுக்குள்ள நூறு தடவை சொன்னேன். வெளிய வரல.

விளக்கு மாறினதும் ஓடினேன். என்னத்தை ஓடினேன், நடந்தேன். ஆளைக் காணல. நேர் ரோடு தாயி, நூல் பிடிச்ச ரோடு. அந்தக் கடைசி வரைக்கும் தெரியுது. எத்தனை வெள்ளைச் சட்டை! ஒண்ணாவது அவுகளா இருக்கணுமே. நம்ம ஊருன்னா ஒரு டீக்கடையில கேக்கலாம். இங்க என்னன்னு கேக்க?

இந்தப் பக்கமும் ஒரு பேப்பர் கடை இருந்துச்சு. கடைக்காரன் ஒரு தாத்தா. அவர்கிட்டப் போயி அழுதேன். அவரு ஏதோ கேட்டாரு. நான் விலாசச் சீட்டை நீட்டினேன். அவரு கண்ணாடியை மாட்டிப் படிச்சுட்டு, என் தோளைத் தட்டி, வந்த வழியையே கையைக் காட்டினாரு. நான் இல்லைன்னு தலையை ஆட்டுறேன். அவரு மறுபடி வழி காட்டுறாரு. பக்கத்துல போனவங்களும் நின்னு, சீட்டைப் பார்த்து, எல்லாரும் எங்க வீட்டுப் பக்கமே கையைக் காட்டுறாங்க. என் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சாமிகளா, என் வீட்டுக்காரக எங்கன்னு சொல்லுங்கன்னு தமிழ்ல கதறுறேன். அந்த ஊருக்காரங்க ஒரு குடுவையில கசப்புத் தழையைப் போட்டு, வெந்நீர் ஊத்தி, ஒரே குழாயில அஞ்சு பேரு வாய் வச்சு உறிஞ்சுவாங்க. எச்சில் பார்க்கிறதே கிடையாது. தாத்தா அந்தக் குழாயை என் வாய்கிட்ட நீட்டினாரு. அத்தனை நாளா அதைப் பார்த்தாலே குமட்டும் எனக்கு. அன்னைக்குக் குடிச்சேன்.

அப்புறம் ஒரு போலீஸ்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. நல்ல பொண்ணு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நோட்டை எடுத்து, "நோம்ப்ரே?"ன்னு கேட்டா. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். பிருந்தா சொல்லிக் குடுத்திருந்தா. பேரு என்னன்னு கேக்குறா. ஆம்பளை மாதிரி மீசையை முறுக்கிக் காட்டினேன், வெள்ளைச் சட்டையைக் காட்டினேன், தாலியை எடுத்துக் காட்டினேன். அவ மறுபடியும் "நோம்ப்ரே?"ங்குறா. அவுக பேரை மட்டும் சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு வயர்லெஸ்ல சொல்லி ஊரெல்லாம் தேடியிருக்கும். எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் நாக்கு புரளல. கடைசியில என்ன சொன்னேன் தெரியுமா? கோமதின்னேன்.

அவ நோட்டுல கோமதின்னு எழுதிக்கிட்டா. காணாமப் போனது கோமதின்னு அந்த ஊரு நோட்டுல இருக்கு தாயி. இந்த ஊரு டோக்கன்லயும் அதுதான் இருக்கு.

அந்தப் பொண்ணு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் பார்த்துச்சு. நான் அது கையை உதறிட்டு ரோஸ் மாளிகையைப் பார்த்து நடந்தேன். அதுவும் பின்னாடியே வந்துச்சு. திடலுக்குப் போகும்போது மூணரை தாண்டிருச்சு. கூட்டம். அந்த அம்மாமாருங்க நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. முக்காடு போட்டவங்க முன்னாடி, அவங்களுக்குப் பின்னாடி ஜனங்க. வயசானவங்க, படிக்கிற பிள்ளைங்க, எல்லாரும் போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க. அந்த வரிசையில பார்க்கிறேன், வெள்ளைச் சட்டை. அவுகதான். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அந்தக் கல்லைச் சுத்தி வாராக. வாய் முணுமுணுன்னு அசையுது.

எத்தனை சுத்துச் சுத்தினாகளோ. சட்டையெல்லாம் வேர்வை.

நான் வரிசைக்குள்ள நுழைஞ்சு அவுக பின்னாடி நடந்தேன். பத்தடி விடல. அன்னைக்கு அவுக முதுகுல முட்டுற மாதிரி ஒட்டி நடந்தேன். வாழ்நாள்ல முதல் தடவையா அவுக என்ன எண்ணுறாகன்னு காதுல விழுந்துச்சு. எண்ணிக்கை இல்ல தாயி.

"பின்னால கோமதி வாரா. பின்னால கோமதி வாரா. பின்னால கோமதி வாரா."

இதையேதான் சொல்லிக்கிட்டு நடக்குறாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் பண்ற மாதிரி. நான் ரெண்டு மணி நேரமாப் பின்னாடியே இல்ல. எத்தனை நாளா அதைச் சொல்லிக்கிட்டு நடந்தாகளோ எனக்குத் தெரியாது. நான் எண்ணுறாகன்னு நினைச்சுப் பேசாம வந்துக்கிட்டு இருந்தேன்.

நீங்களே சொல்லுங்க, இது மறதிக்காரரு பேச்சா? பொண்டாட்டி பின்னாடி வாரான்னு இவ்வளவு அக்கறையா யாரு நினைக்கிறா? உங்க வீட்டுக்காரரு நினைப்பாரா?

எனக்கு அழுகை வந்துச்சு. எதுக்குன்னு தெரியல. "வந்துட்டேங்க"ன்னேன். அவுக நின்னு திரும்பினாக. முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் அந்த முகத்துல என்னை யாருன்னே... இல்ல, வெயில் கண்ணு கூசியிருக்கும். அப்புறம் ஒரே கோபம். "எங்கடி போய்த் தொலைஞ்ச? ஒரு ரோட்டைத் தாண்டத் தெரியாதா உனக்கு? எவ்வளவு நேரமாத் தேடுறேன்"னு அத்தனை பேரு முன்னாடியும் ஏசினாக. அந்தப் போலீஸ்காரப் பொண்ணு அவுகளையும் பார்க்குது, என்னையும் பார்க்குது, நோட்டைப் பார்க்குது. அப்புறம் கோமதிங்கிற பேரை அடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிருச்சு.

"ஆமாங்க, நான்தான் தொலைஞ்சு போயிட்டேன்"னு சொல்லிட்டேன். என்ன இப்ப? ஒரு பேச்சுதானே.

திரும்பும்போது அவுக விறுவிறுன்னு மாளிகைக்குப் பின்னால இருக்கிற ஆத்துப் பக்கமா நடந்தாக. எனக்குப் பச்சைக் கோபுரம் நேர் எதிர்ப் பக்கம் தெரியுது. என்ன பண்ண? "முட்டி வலிக்குதுங்க, கையைக் குடுங்க"ன்னு பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சு மெதுவா இந்தப் பக்கம் திருப்பினேன். வழி நெடுக அவுக என்னைக் கூட்டிட்டு வர்ற மாதிரியேதான் இருந்துச்சு. அகல ரோட்டைச் சேர்ந்தே தாண்டினோம். ஊசிக்கல்லைக் காட்டி, "எம்மாம்பெரிய சர்வே கல்லு பாரு கோமதி"ன்னாக. புதுசாப் பார்க்கிற மாதிரி. நானும் புதுசாச் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் கதிரேசன்கிட்ட, "உங்கம்மா இன்னைக்குத் தொலைஞ்சு போயிட்டாடா"ன்னாக. அவன் என்னைப் பிடிச்சுக்கிட்டான். "அம்மா, உனக்கு அப்பப்ப மறதி வருதா? இதை லேசா விடக்கூடாதும்மா, ஊருக்குப் போனதும் மதுரையில நல்ல டாக்டரைப் பாரு"ன்னு ஒரே ஏச்சு. பிருந்தா மட்டும் அந்த டைரியை எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா. அவளை நான் பார்த்தேன், அவ என்னைப் பார்த்தா. அவ்வளவுதான். அன்னைக்கு மட்டும் அவ சிரிக்கல.

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. தினம் போன். டாக்டரைப் பார்த்தியாம்மா, பார்த்தியாம்மான்னு. அவுகளும் விட மாட்டேங்குறாக. "உனக்கு வைத்தியம் பார்க்காம விட்டா எங்கயாவது போயிருவடி"ன்னு அவுகளே பஸ்ஸுக்கு நேரம் பார்த்து, பைலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாக. அவ்வளவு பாசம்.

இப்பத்தான் எனக்குப் பயமே தாயி. டாக்டரு என்னைச் சோதிச்சுட்டு, இந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா? அப்ப அன்னைக்குத் தொலைஞ்சது யாருன்னு கேப்பாருல்ல? பக்கத்துல உட்கார்ந்திருக்கவுகளைப் பார்ப்பாருல்ல?

பார்த்தா என்னவா? நீங்க மதுரைக்காரங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க பக்கம் பத்து ஊருக்கு அவுக நட்ட கல்லுதான் எல்லை. இன்னைக்கும் அண்ணன் தம்பி வரப்புக்கு அடிச்சுக்கிட்டா, எங்க வீட்டுக்கு வந்து அவுக வாயைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்தக் கல்லு அங்கதான் இருந்துச்சுன்னு அவுக ஒரு வார்த்தை சொல்லிட்டா, கோர்ட்டுக்குப் போகாம எந்திரிச்சுப் போயிருவாங்க. சர்வேயருக்கு மறதின்னு ஒரு பேச்சு வெளிய கசிஞ்சா என்னாகும்? அத்தனை கல்லையும் புடுங்கிருவாங்க. அவுக முப்பத்தஞ்சு வருஷம் நடந்ததெல்லாம் பொய்யின்னு ஆகிரும். அவுக தாங்க மாட்டாக.

அதனால நான் ஒண்ணு நினைச்சு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். டாக்டரு கேக்குறதுக்கெல்லாம் தப்புத் தப்பாச் சொல்லிருவேன். இன்னைக்கு வியாழன். செவ்வாய்ன்னு சொல்லிருவேன். கடிகாரத்துல பன்னெண்டைக் கீழ போட்டிருவேன். எனக்கு மறதின்னு எழுதி மாத்திரை குடுப்பாருல்ல? அதைக் கொண்டுபோயி ராத்திரி பால்ல கலந்து அவுகளுக்குக் குடுத்திருவேன். வியாதி ஒண்ணுதானே, மாத்திரையும் ஒண்ணுதானே இருக்கும்? யாரு பேர்ல எழுதினா என்ன?

ஏன் தாயி தலையை ஆட்டுறீங்க? அது ஆகாதா? ஆளுக்கு ஆளு மாறுமா? ஸ்கேன் எடுப்பாங்களா? ஸ்கேன்ல தெரிஞ்சிருமா?

தெரியும் தாயி. நெசத்தைச் சொல்லணும்னு நீங்க சொல்றது எனக்கும் தெரியும். எந்த வாயால சொல்ல? பேரையே சொல்ல வராத வாயி.

இன்னொண்ணு, அந்த மூணு சாமானை மறந்துட்ட மாதிரி முழிக்கணும்னு உட்கார்ந்ததுல இருந்து பழகிக்கிட்டு இருக்கேன். முடியல. பூட்டு, வாழைப்பழம், குடை. பூட்டு, வாழைப்பழம், குடை. பாருங்க, மறக்கவே மாட்டேங்குது.

பதினாலா? பதினாலுன்னுதானே சிஸ்டர் சொன்னாங்க? கோமதின்னு கூப்பிட்டாங்கள்ல? அந்தா பாருங்க, என் பேரைக் கேட்டதும் அவுக டக்குன்னு எந்திரிச்சுட்டாக. பைலை எடுத்துக்கிட்டாக. இனி அவுகதான் முன்னாடி போவாக, நான் பின்னாடியே போகணும். இருங்க, இந்த முட்டி ஒண்ணு, எந்திரிக்க விடாது.

தாயி, டாக்டர் ரூம் இந்தப் பக்கம்தானே? அவுக அந்தப் பக்கம் போறாகளே. படிக்கட்டுப் பக்கம் போறாக. ஏங்க! வாய் அசையுது பாருங்க, முணுமுணுன்னு. ஏங்க, இந்தப் பக்கம்! ஏங்க!

திரும்ப மாட்டேங்குறாக. படி இறங்குறாக தாயி. இந்தாங்க, இது அவுக பென்ஷன் அட்டை. முதல் வரியில பேரு இருக்கு. நீங்க படிங்க. சத்தமாப் படிங்க தாயி, அவுகளுக்குக் கேக்கட்டும்.